பட்டாயாவில் புது அபார்ட்மென்ட் வாங்குவது எப்படி: வெளிநாட்டவருக்கான வழிகாட்டி

தாய்லாந்தில் வெளிநாட்டவர் தன் பெயரில் நிலம் வாங்க முடியாது. ஆனால் பட்டாயா போன்ற கடலோர ஊரில் ஒரு அபார்ட்மென்ட்டை முழு உரிமையோடு, காலக்கெடு எதுவும் இல்லாமல் வாங்கலாம். 1979ல் வந்து பிறகு பலமுறை திருத்தப்பட்ட அடுக்குமாடிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அங்கேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சுற்றுலா போனவர்கூட வாங்கலாம்.

இந்தச் சுலபம்தான் பலரை அவசரப்படுத்துகிறது. பால்கனியில் நின்று கடலைப் பார்த்ததும் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். உரிமை உங்கள் பெயருக்கு வருமா என்பதை முடிவு செய்பவை இரண்டே விஷயங்கள்: அந்தக் கட்டடத்தில் வெளிநாட்டவர் பங்கில் இடம் மீதி இருக்கிறதா, உங்கள் பணம் எந்த வழியாகத் தாய்லாந்துக்குள் வந்தது. இவை சரியாக இருந்தால் மற்றதை எப்படியும் சமாளிக்கலாம். இதில் ஒன்று கோணினாலும் பதிவு நாளன்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் கோட்டாவைக் கேளுங்கள்

ஒரு கட்டடத்தில் உள்ள எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். வீடுகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, பரப்பை வைத்துத்தான் கணக்கு. மீதி 51 சதவீதம் தாய்லாந்துக்காரர்கள் பெயரில் இருக்க வேண்டும். பட்டாயாவில் வெளிநாட்டவர் அதிகம் வாங்குவதால், நல்ல கட்டடங்களில் இந்தக் கோட்டா சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஒரே மாடியில், ஒரே அளவில் உள்ள இரண்டு வீடுகளில் வெளிநாட்டவர் கோட்டாவில் உள்ளதற்கு விலை கூடுதலாக இருக்கும்.

கோட்டா தீர்ந்துபோன கட்டடத்தில் விற்பனையாளர் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். இரண்டு மாற்று வழி சொல்வார். ஒன்று, 30 ஆண்டுக் குத்தகை. மறுபடி 30, மறுபடி 30 என்று 90 ஆண்டு கணக்குக் காட்டுவார்கள். சட்டப்படி பதிவு செய்யக்கூடியது 30 ஆண்டு மட்டுமே. அதற்குப் பிறகு வருவது வெறும் வாக்குறுதி. இன்னொன்று, தாய்லாந்தில் ஒரு கம்பெனி தொடங்கி, பெயருக்குச் சில உள்ளூர்ப் பங்குதாரர்களைப் போட்டு, அதன் பெயரில் வாங்குவது. இப்படிப் பினாமி பங்குதாரர்களை வைத்துக்கொள்வது அங்கே குற்றம். இந்த இரண்டாவது வழியை யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

49 சதவீதத்தை 75 ஆக்குவது, குத்தகையை 99 ஆண்டாக்குவது பற்றி ஆராயும்படி 2024ல் தாய்லாந்து அமைச்சரவை சொன்னது உண்மை. "சட்டம் மாறப்போகிறது, இப்போது குத்தகையில் வாங்குங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று அதைக் காட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் நாளில் உள்ள சட்டத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

எந்தப் பக்கம்?

பட்டாயா பாங்காக்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், சோன்புரி மாகாணத்தில் இருக்கிறது. ஊர் ஒன்றுதான் என்றாலும் பகுதிக்குப் பகுதி குணம் வேறு. வடக்கே நக்லுவா, வோங்கமாட் பக்கம் அமைதி; விலையும் அதிகம். நடுவே உள்ள கடற்கரைச் சாலையும் அதன் சந்துகளும் இரவெல்லாம் விழித்திருக்கும். வாடகைக்கு விட நினைப்பவருக்கு அது பிடிக்கும், தூங்க நினைப்பவருக்குப் பிடிக்காது. பிரதம்நாக் மேடு இரண்டுக்கும் நடுத்தரம். தெற்கே ஜோம்தியெனில் நீண்ட கடற்கரை. வயதானவர்களும் மாதக்கணக்கில் தங்குபவர்களும் அதிகம். புதுக் கட்டடங்களும் அங்கே நிறைய வருகின்றன.

வீட்டை நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான சீசனில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் கனமழை பெய்யும்போது கடற்கரைச் சாலையிலும், சுகும்வித் சாலையிலும், ரயில் பாதையை ஒட்டிய தெருக்களிலும் தண்ணீர் நிற்கும். பத்தாவது மாடியில் வீடு இருந்தாலும் காரும் மோட்டார் அறையும் கீழேதான் இருக்கின்றன. மழைக்காலத்தில் போக முடியாவிட்டால், கட்டடத்துக்கு எதிரே உள்ள கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள். விற்பனை அலுவலகத்தில் கேட்பதைவிட அது நம்பகமானது.

கடல் தெரிகிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன், நடுவில் காலி மனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே கட்டடம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்ததா, கட்டப்போவதா?

புது அபார்ட்மென்ட் என்றால் பெரும்பாலும் கட்டி முடிக்காததைத்தான் விற்பார்கள். விலை குறைவு, தவணை வசதி, விரும்பிய மாடி. ஆனால் கட்டுமானக் காலத்தில் நீங்கள் கட்டும் தவணை நேராக பில்டர் கையில் போகிறது. பணத்தை மூன்றாம் தரப்பிடம் பத்திரமாக வைக்கும் ஏற்பாட்டுக்கு அங்கே 2008லேயே சட்டம் வந்தது, ஆனால் அது கட்டாயம் இல்லை. பெரும்பாலான பில்டர்கள் அதைப் பயன்படுத்துவதும் இல்லை.

பாலி ஹாய் படகுத்துறைக்குப் பக்கத்தில் 50 மாடிக்கு மேல் எழும்பிய ஒரு கட்டடத்தின் வேலை 2014ல் நிறுத்தப்பட்டது. மலைமேல் உள்ள காட்சிமேடையிலிருந்து தெரியும் வளைகுடாவை அது மறைக்கிறது என்று எழுந்த எதிர்ப்புதான் தொடக்கம். பல ஆண்டுகள் அது அப்படியே எலும்புக்கூடாக நின்றது. வாங்கியவர்களின் பணமும் அதோடு முடங்கியது. பட்டாயாவில் வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது என்பேன்.

ஆகவே கட்டாத கட்டடம் என்றால் நான்கு விஷயங்களைக் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்: நிலப் பத்திரம் பில்டர் பெயரில் இருக்கிறதா, அதன்மேல் வங்கி அடமானம் உண்டா, கட்டட அனுமதி வந்துவிட்டதா, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதா. 80 வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்துக்கு இந்த ஒப்புதல் கட்டாயம். அது வரும் முன்பே விற்பனை தொடங்குவது அங்கே சகஜம். அப்படியானால், ஒப்புதல் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அதோடு அந்த பில்டர் முன்பு கட்டி முடித்த ஒரு கட்டடத்துக்குப் போய், லிஃப்ட்டையும் நீச்சல் குளத்தையும் பாருங்கள். ஐந்து வருடம் ஆன கட்டடம் எப்படி இருக்கிறது என்பது எந்த மாதிரி வீட்டையும்விட அதிகம் சொல்லும்.

முதல் முறை வாங்குகிறவருக்கு என் பரிந்துரை: கட்டி முடித்து, பில்டரிடம் இன்னும் விற்காமல் இருக்கும் புது வீடு. கொஞ்சம் விலை கூடும். ஆனால் நீங்கள் பார்ப்பதைத்தான் வாங்குகிறீர்கள்.

முன்பதிவு, ஒப்பந்தம்

ஒரு சிறு தொகை கட்டி வீட்டைப் பிடித்து வைப்பார்கள். பிறகு சில வாரங்களுக்குள் ஒப்பந்தம். முன்பதிவுத் தாளில் வீட்டு எண், பரப்பு, விலை ஆகியவற்றோடு 'வெளிநாட்டவர் கோட்டா' என்ற சொல்லும் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

ஒப்பந்தத்துக்கு அரசே ஒரு படிவம் வைத்திருக்கிறது. 2008ல் வந்த திருத்தத்தின்படி, பில்டர் அந்தப் படிவத்திலிருந்து விலகி வாங்குபவருக்குப் பாதகமாக எழுதியது செல்லாது. விளம்பரத் தாளில் காட்டியதும் ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதப்படும். அதனால் விற்பனை அலுவலகத்தில் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மொட்டைமாடி நீச்சல் குளம் என்று அதில் இருந்து, கட்டிய பிறகு இல்லாமல் போனால் அதுதான் சாட்சி. கட்டமைப்புக்கு 5 ஆண்டு, மற்றவற்றுக்கு 2 ஆண்டு என்று பில்டரின் பொறுப்புக் காலமும் எழுதப்பட்டிருக்கும்.

நம் ஊரில் சூப்பர் பில்ட்-அப் கணக்கில் ஏமாந்தவர்களுக்கு ஓர் ஆறுதல்: அங்கே விற்கும் பரப்பு வீட்டின் பரப்பும் பால்கனியும் மட்டும்தான். படிக்கட்டும் வராந்தாவும் அதில் சேராது.

ஒப்பந்தம் தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தகராறு வந்தால் செல்லுபடியாவது பொதுவாகத் தாய் மொழிப் பிரதி. பில்டர் காட்டும் வக்கீலை விட்டுவிட்டு, நீங்களாக ஒரு வக்கீலைப் பிடித்து அதைப் படிக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

'மூன்று வருடத்துக்கு உறுதியான வாடகை' என்ற சலுகை வந்தால், அந்த வாடகை வீட்டு விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பக்கத்துக் கட்டடத்தின் சதுர மீட்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைக்கும்.

பணம் அனுப்புவது

மிகக் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் இது. வீட்டு விலை முழுவதும் வெளிநாட்டுப் பணமாகத் தாய்லாந்துக்குள் வந்து, அங்கே உள்ள வங்கியில் தாய்லாந்து நாணயமான பாட்டாக மாற வேண்டும். அப்படி மாறியதற்கு அந்த வங்கி ஒரு படிவம் தரும். அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனைப் படிவம், பேச்சுவழக்கில் எஃப்.இ.டி. வழக்கமாக 50,000 டாலரும் அதற்கு மேலும் வந்தால் இந்தப் படிவம், குறைவாக வந்தால் வங்கியின் சான்றுக் கடிதம். இந்தக் காகிதங்களின் மொத்தத் தொகை வீட்டு விலைக்குக் குறையாமல் இருந்தால்தான் நிலப்பதிவு அலுவலகம் உங்கள் பெயரில் பதியும்.

ஆகையால் டாலராகவோ பவுண்டாகவோ அனுப்புங்கள், பாட்டாக மாற்றி அனுப்பாதீர்கள். பணம் அனுப்பும் ஆப்கள் பல நடுவிலேயே பாட்டாக மாற்றிவிடும். அதற்கு இந்தக் காகிதம் கிடைக்காது. கிரெடிட் கார்டில் கட்டிய முன்பதிவுத் தொகைக்கும் அதே கதி. அனுப்பும்போது காரணம் என்ற இடத்தில் 'அபார்ட்மென்ட் வாங்க' என்பதோடு கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். நடுவில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சம் கூடவே அனுப்புங்கள். தவணையில் கட்டினால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகக் காகிதம் வாங்கி வையுங்கள். மூன்று வருடம் கழித்து மொத்தமாகக் கேட்டால் வங்கியைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டும். பின்னாளில் வீட்டை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும்போதும் இவைதான் துணை.

அடுத்து, பெயர். தமிழர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சுப்பிரமணியன் மகன் முருகேசன் என்பவரின் பாஸ்போர்ட்டில் முருகேசன் பெயராகவும் சுப்பிரமணியன் குடும்பப் பெயராகவும் இருக்கும். வங்கிக் கணக்கில் 'எஸ். முருகேசன்'. பான் கார்டில் வேறொரு வரிசை. நமக்கு இது ஒரே ஆள். தாய்லாந்து வங்கி ஊழியருக்கு இது இரண்டு ஆள். பணம் அனுப்புபவர் பெயர், எஃப்.இ.டி.யில் உள்ள பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர் மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வங்கிக் கணக்கின் பெயரை ஒப்பந்தம் போடும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைத் தாய் எழுத்தில் எழுதும்போதும் முதல் காகிதத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே கடைசி வரை தொடரச் சொல்லுங்கள். ழகரம் உள்ள பெயர் என்றால் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். கணவன் மனைவி சேர்ந்து வாங்கினால் இருவர் பெயரும் இந்தக் காகிதங்களில் வர வேண்டும்.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்குவதும் இதில் அடக்கம். குடும்பத்தார் சேர்ந்து அனுப்பி வரம்பைக் கூட்டலாம், ஆனால் பணம் போடுகிறவர் வீட்டிலும் பங்குதாரராக இருக்க வேண்டும். இதற்காக இந்திய வங்கியில் கடன் வாங்க முடியாது. உங்கள் சொந்தப் பணமாகத்தான் இருக்க வேண்டும்.

பலர் கணக்கில் விட்டுவிடுவது டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி. ஏப்ரல் 2025 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு இந்த வகையில் 20 சதவீதம் பிடிப்பார்கள். 95 லட்சம் அனுப்பினால் 17 லட்சம் தனியாகக் கையில் இருக்க வேண்டும். இது கூடுதல் வரி அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். மார்ச் கடைசியில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி என்று இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்தால் அந்த 10 லட்சம் விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.

வாங்கிய பிறகு ஒவ்வொரு ஆண்டும் வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் இந்த வீட்டைக் காட்ட வேண்டும், வாடகை வராவிட்டாலும் சரி. விட்டுவிட்டால் 2015ன் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். கனடா, பிரிட்டன், சிங்கப்பூரில் உள்ளவர்களுக்கு எல்.ஆர்.எஸ். தொல்லை கிடையாது. ஆனால் அந்தந்த நாட்டு வரி விதிகள் என்ன கேட்கின்றன என்று அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவி வாங்கும் முன்

பில்டர் 'வீடு தயார், வந்து பாருங்கள்' என்பார். கையெழுத்துப் போடும் முன் அரை நாள் ஒதுக்குங்கள். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் வடிகுழியை நோக்கி ஓட வேண்டும், வாசலை நோக்கி அல்ல. ஒரு நாணயத்தால் தரை ஓடுகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், அடியில் சாந்து நிரம்பாத ஓடு வெற்றுச் சத்தம் தரும். ஏ.சி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன் கீழே சுவரில் ஈரம் படிகிறதா பாருங்கள். போன் சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பாருங்கள். கடற்காற்று இரும்பைத் தின்னும். பால்கனிக் கதவின் சக்கரம், கைப்பிடி, வெளியே உள்ள ஏ.சி. தாங்கி ஆகியவற்றில் இப்போதே துருப் புள்ளி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். குறைகளைப் படம் எடுத்து, எழுதி, பில்டரின் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். சரிசெய்த பிறகே பதிவுத் தேதி.

பதிவு நாளும் செலவும்

பதிவு நடப்பது பாங்லமுங் நிலப்பதிவு அலுவலகத்தில். நம் சார்பதிவாளர் அலுவலகம் போலவே டோக்கன், காத்திருப்பு, கையெழுத்து. பாஸ்போர்ட், எஃப்.இ.டி. காகிதங்கள், கோட்டா உள்ளது என்று கட்டட நிர்வாகம் தரும் கடிதம், ஒப்பந்தம், மீதித் தொகைக்கான வங்கிக் காசோலை ஆகியவை வேண்டும். அப்பா அம்மா பெயரையும் கேட்பார்கள். நேரில் போக முடியாதவர், நிலத்துறையின் படிவத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் பெற்று ஒருவரை அனுப்பலாம். சென்னையில் தாய்லாந்து கான்சுலேட் இருப்பது இதற்கு உதவும். கடைசியில் கையில் கிடைப்பது வீட்டின் உரிமைப் பத்திரம். அதன் பின்பக்கத்தில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்பதை மொழிபெயர்ப்பாளரிடம் படிக்கச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

செலவுக்கு ஓர் உதாரணம். 35 சதுர மீட்டர், 35 லட்சம் பாட் விலை என்று வைத்துக்கொள்வோம். பெயர் மாற்றக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம். புது வீட்டில் பில்டரும் நீங்களும் ஆளுக்குப் பாதி. அரசு மதிப்பும் விலையும் ஒன்றே என்றால் உங்கள் பங்கு 35,000 பாட். நம் ஊர் கார்பஸ் ஃபண்ட் மாதிரி ஒருமுறை கட்டும் நிதி, சதுர மீட்டருக்கு 500 என்றால் 17,500. பராமரிப்பு மாதம் சதுர மீட்டருக்கு 50 என்றால் ஒரு வருட முன்பணம் 21,000. மின்சார, தண்ணீர் மீட்டர் வைப்புத்தொகை தனி. 3.3 சதவீத வணிக வரி பில்டர் பொறுப்பு. அதை உங்கள் தலையில் கட்டும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள்.

குடியேறிய பிறகு

வீடு வாங்கியதால் மட்டும் விசா கிடைக்காது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கான ஓய்வுக்கால விசாவுக்கு வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அது தனி வேலை. உங்கள் வீட்டில் வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாள் வாடகைக்கு விடுவதாகக் கணக்குப் போட்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். ஹோட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது 2004ன் ஹோட்டல் சட்டப்படி குற்றம். அபராதம் 20,000 பாட் வரை, தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வரை. பல கட்டடங்களில் வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். மாத வாடகை தாராளமாக விடலாம். அதற்கு அங்கே வருமான வரி உண்டு. ஆண்டு வீட்டு வரி சொற்பம்தான்.

உயில் ஒன்றை உடனே எழுதுங்கள். தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தனியாக, தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும். வெளிநாட்டு வாரிசுக்கு வீடு வரும். ஆனால் சட்டம் கேட்கும் தகுதி அவருக்கு இல்லையென்றால் ஓராண்டுக்குள் விற்றுவிட வேண்டும். இதை மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ இப்போதே சொல்லி, உரிமைப் பத்திரம், எஃப்.இ.டி. காகிதங்கள், உயில், வக்கீலின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.